மூடிய குப்பைக் கிடங்குக்கு அருகில் ஆழ்துளைக் கிணறு (போர்): வாளியில் காவிப் படிவு, குடிக்கலாமா?

ஈரச்சுவர் (கேள்வி)

இந்த வீட்டை வாங்கி ஏழு மாதம் ஆகிறது. பின்பக்கம் சுமார் 400 மீட்டர் தள்ளி ஒரு பழைய குப்பைக் கிடங்கு. மூடி 18 வருடம் ஆகிவிட்டது. மண் போட்டுப் புல் வளர்த்திருக்கிறார்கள். "இப்போ அது வெறும் மேடுதாங்க" என்று சொல்லித்தான் விற்றார்கள். நானும் ஏறிப் பார்த்தேன், மேடுதான். ஆனால் புல்லில் அங்கங்கே வட்டமாகக் காய்ந்த திட்டுகள்.

கவலை போர் தண்ணீரைப் பற்றி. பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது. ராத்திரி வாளியில் வைத்தால் காலையில் அடியில் காவியாகப் படிந்திருக்கிறது, மேலே எண்ணெய் போல மெல்லிய ஏடு. வெள்ளைத் துணியெல்லாம் மஞ்சள். டிடிஎஸ் மீட்டர் 640 காட்டுகிறது. "இரும்புதானே, உடம்புக்கு நல்லது, கொதிக்க வைத்துக் குடி" என்கிறார் மாமனார். மனைவிக்கு ஐந்தாம் மாதம். அவளுக்கு மட்டும் வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறேன். இது குப்பையிலிருந்து வருகிறதா, மண்ணின் இயல்பா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கால்நடை

640 எல்லாம் ஒன்றுமே இல்லை நண்பரே, எங்களுடையது 900. பதினெட்டு வருடத்தில் குப்பை மக்கி மண்ணாகியிருக்கும். ஒரு இரும்பு ஃபில்டர் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

மாதிரிக்குப்பி

தூங்குவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். குப்பைக் கிடங்குகளைச் சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணறுகளில் 22 வருடம் தண்ணீர் மாதிரி எடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் யார் வீட்டு வாளியைப் பார்த்தாலும் கை சும்மா இருப்பதில்லை.

முதலில் அந்த எண்ணெய் ஏட்டை ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு போல உடைந்து, உடைந்தபடியே நின்றால் அது இரும்புப் படலம். கலைந்ததும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் எண்ணெய். அது வேறு கதை.

இரும்பு என்றதும் எல்லோரும் புதைந்த தகர டப்பாக்களை நினைக்கிறார்கள். பெரும்பாலும் அந்த இரும்பு உங்கள் மண்ணிலேயே இருப்பது. மழைநீர் குப்பைக்குள் இறங்கி ஒரு கறுப்புச் சாறாக வெளியே வருகிறது. லீச்சேட் என்போம், கசிவுநீர். அதிலுள்ள கரிமப் பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் நிலத்தடி நீரின் ஆக்சிஜனை முதலில் காலி செய்கின்றன. அப்புறம் நைட்ரேட். அதுவும் தீர்ந்தால் மண் துகள்களில் துருவாக ஒட்டியிருக்கும் மாங்கனீஸ், இரும்பு ஆகியவற்றின் மேல் கைவைக்கின்றன. துரு கரைந்து நிறமில்லாமல் தண்ணீரோடு வருகிறது. வாளியில் காற்றுப் பட்டதும் மறுபடி துருவாகிறது. நீங்கள் காலையில் பார்ப்பது அதைத்தான். சிக்கல் என்னவென்றால், சில மண்ணில் அந்தத் துருவோடு ஆர்சனிக் என்ற நச்சும் ஒட்டியிருக்கும். துரு கரைந்தால் அதுவும் கூடவே இறங்கும்.

ஆனால் ஆக்சிஜன் இல்லாத ஆழத்து நீரில் குப்பையே இல்லாமலும் இரும்பு வரும். அதனால் இரும்பை வைத்து மட்டும் கிடங்கைக் குற்றம் சொல்ல முடியாது. நான் முதலில் பார்ப்பது குளோரைடு. அது மண்ணில் ஒட்டாது, மக்காது, நீர் போகும் வேகத்திலேயே போகும். கூட அம்மோனியாவும் போரானும் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றைத் தனியாகப் பார்த்தால் அர்த்தமில்லை, செப்டிக் டேங்க் கசிந்தாலும் குளோரைடு ஏறும். மேட்டுக்கு அந்தப் பக்கம், நீரோட்டத்தின் மேல்புறத்தில் உள்ள ஒரு போரிலும் அதே நாளில் மாதிரி எடுத்து ஒப்பிட வேண்டும். தரைச் சரிவும் நிலத்தடி நீர் ஓடும் திசையும் எப்போதும் ஒன்றல்ல, அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

டிடிஎஸ் மீட்டரை நம்பாதீர்கள். அது மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து உப்பைக் கணக்குப் போடும் கருவி. உலக சுகாதார நிறுவனம் ஆர்சனிக்குக்கு வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதைப்போல ஐந்து மடங்கு இருந்தாலும் உங்கள் மீட்டரில் ஒரு எண்கூட நகராது. கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். நீர் ஆவியாக ஆக, உலோகம் கொஞ்சம் செறிவுதான் கூடும். உங்கள் மாமனாரிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பாதி விஷயம். குழாயில் தேங்கிய நீர் போகும்வரை மோட்டாரை ஓடவிட்டு, லேபிலேயே கொடுக்கும் அமிலம் போட்ட குப்பியில் உலோகத்துக்கு, சாதாரணக் குப்பியில் மற்றவற்றுக்கு எடுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அமிலம் இல்லாத குப்பியில் எடுத்து, மறுநாள் கொண்டுபோனேன். இரும்பெல்லாம் அடியில் தங்கிவிட்டது, மேலே இருந்ததை ஊற்றிப் பார்த்துவிட்டு "இரும்பு இல்லை" என்று அறிக்கை வந்தது. குப்பியின் அடியில் காவி கண்ணெதிரே தெரிகிறது!

@கால்நடை, குப்பை அவ்வளவு சீக்கிரம் மக்காது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராத்ஜே என்ற தொல்லியலாளர் 1973-இல் குப்பை ஆய்வைத் தொடங்கி, பிறகு கிடங்குகளையே தோண்டினார். பல பத்தாண்டுகள் புதைந்திருந்த செய்தித்தாளைப் படிக்க முடிந்தது. மூடிய பிறகும் 30 வருடம் கண்காணிக்க வேண்டும் என்று சில நாடுகளின் விதிகள் சொல்வது சும்மா இல்லை. மணலில் நிலத்தடி நீர் வருடத்துக்குப் பத்து இருபது மீட்டர் நகர்வது சாதாரணம். மூடி 18 வருடம், அதற்கு முன் குப்பை கொட்டிய காலத்திலேயே கசிவு தொடங்கியிருக்கும், தூரம் 400 மீட்டர்: கணக்கை நீங்களே போடுங்கள்.

ஈரச்சுவர்

குச்சியால் கலைத்தேன், சில்லு சில்லாக உடைந்தது. மேல்புறம் ஒரு தோட்டத்துப் போரில் கெஞ்சி மாதிரி எடுத்தேன். மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்திருக்கிறது. லிட்டருக்கு மில்லிகிராமில், அங்கே / எங்கள் வீட்டில்:

குளோரைடு 28 / 190
அம்மோனியா இல்லை / 6
இரும்பு 0.2 / 4.1
மாங்கனீஸ் 0.03 / 1.3

ஆர்சனிக் எங்களிடம் 14 மைக்ரோகிராம், அங்கே 2. நைட்ரேட் எங்களிடம் இல்லை என்று வந்ததும் மாமனாருக்கு ஒரே சந்தோஷம்.

மாதிரிக்குப்பி

அந்த நைட்ரேட் "இல்லை"யைப் பார்த்துத்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அது தின்று தீர்க்கப்பட்டிருக்கிறது. ஐந்து எண்களும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. செப்டிக் டேங்க் தொலைவில் இருந்தால், இது கிடங்குதான் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

குடிப்பதையும் சமைப்பதையும் இன்றே நிறுத்துங்கள். துணி துவைக்கலாம், மஞ்சளைச் சகித்துக்கொண்டால். மாங்கனீஸுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 0.08, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளை மனதில் வைத்து வைத்தது. பிறக்கப்போகும் குழந்தைக்குப் பால் கரைக்க இந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

ஆர்ஓ போட்டால் தீர்ந்துவிடும் என்று ஒருவர் வந்து சொல்வார். ஆக்சிஜன் இல்லாத நீரில் ஆர்சனிக் பெரும்பாலும் மின்சுமை இல்லாத வடிவத்தில் இருக்கும், அதை அந்தச் சவ்வு சரியாகத் தடுக்காது. முதலில் ஆக்சிஜனேற்றம் செய்து, இரும்போடு சேர்த்து வடிகட்டி, வெளியே வரும் நீரை மறுபடி சோதித்த பிறகுதான் நம்பலாம்.

புல் திட்டுகளைப் பற்றிச் சொன்னீர்களே, அதை விட்டுவிட்டேன். கீழே இருந்து ஏறும் மீத்தேனும் கரியமில வாயுவும் வேருக்கான காற்றைத் தள்ளிவிட்டால் புல் அப்படித்தான் வட்டமாகச் சாகும். அந்த வாயு பக்கவாட்டிலும் நகரும். 1986 மார்ச்சில் இங்கிலாந்தின் லாஸ்கோவில், காற்றழுத்தம் சட்டென்று இறங்கிய ஒரு நாளில், கிடங்கு வாயு மண் வழியாக ஒரு வீட்டுக்குள் புகுந்து வெடித்து வீடே தரைமட்டமானது. உள்ளே இருந்தவர்கள் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். உங்களுக்கு 400 மீட்டர் இருக்கிறது, பதற வேண்டாம். ஆனால் போர் மூடியும் மோட்டார் குழியும் அடைபட்ட இடங்கள். மூடியைத் திறந்துவைத்துக் காற்றாட விட்ட பிறகு பக்கத்தில் போங்கள், அங்கே தீக்குச்சி உரசாதீர்கள்.

மழைக்காலம் முடிந்ததும் இரண்டு போரிலும் இன்னொரு முறை மாதிரி எடுங்கள். உங்களுக்கும் மேட்டுக்கும் நடுவே எத்தனை வீடுகள்? அவர்களிடம் அறிக்கையைக் காட்டியாயிற்றா?

ஈரச்சுவர்

நான்கு வீடுகள். இன்று சாயங்காலம் போகிறேன். ஒரு வீட்டில் இரட்டைக் குழந்தைகள்.