சூலூர் வரன்

விசாலாட்சி: (பலமுறை பகிரப்பட்டது) அவசரச் செய்தி!! எஞ்சின் இல்லாததால் தேஜஸ் போர் விமானங்கள் நிறுத்தம். கோவை சூலூர் விமானப்படைப் பிரிவுகள் கலைப்பு. அனைவரும் வடக்கே மாற்றம். பத்துப் பேருக்காவது அனுப்பவும்.

விசாலாட்சி: கந்தசாமி, பார்த்தாயா? ஞாயிற்றுக்கிழமை கவிதாவைப் பெண் பார்க்க வருகிற பையன் இதில்தானே இருக்கிறான்?

சுமதி: ஐயோ

சுமதி: அண்ணி, யார் அனுப்பியது?

விசாலாட்சி: எங்கள் நடைப்பயிற்சிக் குழுவில் வந்தது. நம்பகமான மனிதர்.

தினேஷ்: அம்மா, பூண்டுத் தண்ணீர் குடித்தால் சர்க்கரை நோய் போய்விடும் என்றாரே, அவர்தானே?

கந்தசாமி: செல்வராசு எங்கே?

கவிதா: சித்தப்பா வெகுநேரமாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்.

பழனிச்சாமி: 🙏

செல்வராஜ்: அக்கா, இது வதந்தி. சூலூரில் 45, 18 என்று இரண்டு பிரிவுகள் தேஜஸ் வைத்திருக்கின்றன. கலைக்கிற நிலைமையிலா விமானப்படை இருக்கிறது? 1963-இல் வந்த மிக்-21 போர் விமானத்துக்கு 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் விடைகொடுத்தார்கள். அதோடு போர் விமானப் பிரிவுகள் 29 ஆகிவிட்டன. இருக்க வேண்டியது 42. மீதியை எதைக் கொண்டு நிரப்புவது? பிரான்சின் ரஃபேல் 36 வாங்க ஏறக்குறைய 59,000 கோடி ரூபாய் ஆனது. தேஜஸின் புது வகையான மார்க்-1ஏ 83-க்கு 2021-இல் போட்ட ஒப்பந்தம் 48,000 கோடிக்குள் முடிந்தது. ஆயுதம், உதிரிபாகம் எல்லாம் வேறு வேறு கணக்கு, இரண்டையும் அப்படியே நேருக்கு நேர் வைக்கக் கூடாது. இருந்தாலும் எது கட்டுப்படியாகும் என்று தெரிகிறதல்லவா? 2025 செப்டம்பரில் இன்னும் 97-க்குக் கையெழுத்தாகியிருக்கிறது. விமானத்துக்குத்தான் பஞ்சம், வேலைக்கு இல்லை.

பழனிச்சாமி: பையன் என்ன நட்சத்திரம்?

தினேஷ்: எஞ்சின் இல்லை என்பதும் பொய்யா மாமா?

செல்வராஜ்: அதில் பாதி உண்மை. எஞ்சின் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். 2021-இல் 99 கேட்டோம். முதலாவது வந்து சேர்ந்ததே 2025 மார்ச்சில்தான். 2024-இலேயே வந்திருக்க வேண்டிய மார்க்-1ஏ அதனால்தான் தள்ளிப்போனது. நாமே செய்யலாம் என்று 1989-இல் காவேரி எஞ்சினைத் தொடங்கினார்கள். தேவையான உந்துவிசை வரவில்லை, 2008-இல் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். 1961-இல் பறந்த நம் மாருத் போர் விமானத்துக்கும் இதே தலைவிதி. உடல் அருமை, எஞ்சின் போதவில்லை.

தினேஷ்: காவேரி என்று பெயர் வைத்துவிட்டு உரிய நேரத்தில் வர வேண்டும் என்றால் எப்படி?

கவிதா: 😂

சுமதி: தம்பி, எஞ்சின் கதை இருக்கட்டும். வேலை நிரந்தரமா, மாற்றல் உண்டா? அதைச் சொல்லுங்கள்.

செல்வராஜ்: வேலை போகாது அண்ணி. மாற்றல் உண்டு. அதை மறைக்க மாட்டேன்.

விசாலாட்சி: நானும் அதைத்தானே சொல்கிறேன். அப்பா இறந்தபோது நீ வந்து சேர மூன்றாம் நாள் ஆனது.

பழனிச்சாமி: விமானப்படைக்காரன் ரயிலில் வந்தான் என்று ஊரே பேசியது.

செல்வராஜ்: நான் அப்போது இருந்த நலியா தளம் குஜராத்தின் கோடியில் இருக்கிறது அண்ணா. மிக்-21-ஐ எடுத்துக்கொண்டா வருவேன்? அக்கா, உங்கள் நாத்தனாரை எனக்குக் கேட்டபோதும் இதே மாற்றலைத்தான் சொன்னீர்கள்.

விசாலாட்சி: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

கந்தசாமி: பழையதைக் கிளற வேண்டாம்

பழனிச்சாமி: விமானதளத்துக்குப் பக்கத்தில் வாங்கிய என் மனைக்கு இன்னும் தடையில்லாச் சான்று கிடைக்கவில்லை. பையனிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே.

கவிதா: பெண் பார்க்க வருகிறவரிடமா பெரியப்பா?

கவிதா: அவர் அங்கே என்ன வேலை செய்கிறார் என்று யாருமே கேட்கவில்லை.

செல்வராஜ்: எஞ்சின் பிரிவு அம்மா. பறப்பதற்கு முன்னால் ஓடுபாதையில் வரிசையாகக் குனிந்து நடந்து கல், ஆணி, கம்பித்துண்டு எல்லாம் பொறுக்க வேண்டும். ஒரு சின்ன நட்டு காற்றோடு உள்ளே போனால் போதும், தகடுகள் நொறுங்கிவிடும். ஒற்றை எஞ்சின், நின்றால் மாற்று கிடையாது. நலியாவில் என் கால்சட்டைப் பையில் எப்போதும் கல் இருக்கும். துவைக்கும்போது உன் சித்தி திட்டாத நாளில்லை. பையன் இருப்பது 18-ஆம் பிரிவு. 1971-இல் அவர்களிடம் இருந்தது நாட், பெங்களூரில் கட்டிய குட்டி விமானம். ஸ்ரீநகரில் விமானி செகோன் தனியாக நின்று சண்டை போட்டது அதில்தான். விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்ரா அவருடையது.

தினேஷ்: கவிதா, இனி வீடு பெருக்க ஆள் தேட வேண்டாம்

சுமதி: பஜ்ஜிக்கு வாழைக்காயா, உருளைக்கிழங்கா?

விசாலாட்சி: இரண்டும். நான் வந்து போடுகிறேன். கூப்பிட்டால்.

சுமதி: உங்களைக் கூப்பிடாமலா அண்ணி?

பழனிச்சாமி: நாலு மணிக்கு வருவதாகச் சொன்னார்கள். நாலரைக்கு இராகு காலம். அரை மணி நேரத்தில் பேசி முடிக்க முடியாது. மூன்றுக்கே வரச் சொல்.

கந்தசாமி: பையனுக்கு மதியம் வரை பணி. எப்படிக் கேட்பது?

கவிதா: நான் கேட்டுச் சொல்கிறேன்.

கந்தசாமி: உன்னிடம் எண் ஏது?

கவிதா: சித்தப்பா கொடுத்தார்.

செல்வராஜ்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

விசாலாட்சி: செல்வராசு!!