அவுட்டோர்ல புகை வந்த ராத்திரி (ஹீட்டிங் ஏசி வச்சிருக்கறவங்க எழுதுங்க)

தளி பக்கம்:
போன தை மாசம். பொண்ணு பிரசவத்துக்கு வந்திருந்தா. தளி குளிர் தெரிஞ்சதுதானே, ஏசியை ஹீட்டிங்ல போட்டுட்டுப் படுத்தோம். விடியக்காலம் 4 மணிக்கு உள்ளே காத்து நின்னுபோச்சு. வெளியே ‘புஸ்ஸ்’னு சத்தம். கதவைத் திறந்தா அவுட்டோர்லேர்ந்து (ஏசியோட வெளிப்பெட்டி) வெள்ளையா குபுகுபுன்னு வருது. தீதான்னு மெயினை ஆஃப் பண்ணிட்டு, 20 நாள் குழந்தையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல அரை மணி நேரம் நின்னோம். புகைக்கு வாசனையே இல்லைன்னு அப்ப உறைக்கலை. அது டீஃப்ராஸ்ட், அதாவது வெளிப்பெட்டில படிஞ்ச பனியை மெஷினே உருக்கறதுன்னு காலைல வந்த மெக்கானிக் சொன்னார். வித்தவங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துணிக்குள்ள குழந்தை நடுங்கினது மனசை விட்டுப் போகலை.

ஓசூர் மெக்கானிக்:
அண்ணே, அது நீராவி. ஹீட்டிங்ல வெளிக் காயில்தான் (கேஸ் ஓடற குழாய், தகடு) ஜில்லுன்னு ஆகும், காத்து ஈரம் அதுல பனியாப் படியும். அதை உருக்க வால்வு திரும்பி சூடான கேஸை வெளியே அனுப்பும். ரெண்டு ஃபேனும் நிக்கும். சில நிமிஷத்துல தானா பழையபடி ஓடும், நடுவுல ஆஃப் பண்ணாதீங்க.
தேன்கனிக்கோட்டைல ஒரு வீடு. காயில் சூட்டைப் படிக்கற சென்சார் கிளிப்பை விட்டுக் கழண்டு தொங்குது. அது வெளிக்காத்து சூட்டைப் படிச்சு ‘பனி இல்லை’ன்னே போர்டுக்குச் சொல்லுது. அவுட்டோர் முழுக்க ஐஸ் பாறை. நான் போய்ச் சேர்றதுக்குள்ள வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரால குத்திட்டார். ‘உஸ்ஸ்’... மொத்த கேஸும் போச்சு. குத்தின கையை அவர் எடுக்கவே இல்லை.

ரோஜா பண்ணை:
தம்பி சொல்றது சரி, ஆனா முக்கியமானதை விட்டுட்டார். அந்த வாரம் எங்க பக்கம் 11 டிகிரிக்குக் கீழே போகலை. நல்லா இருக்கற மெஷின்ல அந்தக் குளிர்ல பொதுவா காயில் உறையாது. கேஸ் குறைஞ்சிருக்கணும், இல்லை காத்து அடைச்சிருக்கணும்.
எங்க கோல்டு ரூம் டைமர் டீஃப்ராஸ்ட், பனி இருக்கோ இல்லையோ வச்ச நேரத்துக்குத்தான் உருக்கும். காதலர் தின பேக்கிங் சமயம், கதவு மூடவே நேரமில்லை, காயில்ல பனி ஏறிக்கிட்டே போச்சு. டைமருக்கு அது எப்படித் தெரியும்? காலைல பெட்டியைத் திறந்தா இதழ் ஓரமெல்லாம் கருப்பு.
அதனால சொல்றேன், ஏசி வாங்கறப்ப டைமர் மட்டுமா, பனியைப் பார்த்து உருக்குதான்னு கேளுங்க. பனியைப் பார்க்கற மெஷின் வெளிக்காத்து சூடு, காயில் சூடு ரெண்டையும் ஒப்பிடும். பனி ஏற ஏற வித்தியாசம் கூடும், அப்பதான் உருக்கும். டைமர் பனி இல்லாத ராத்திரியும் வால்வைத் திருப்பும், கரண்ட் வீண், ரூமும் ஆறிப்போகும். அவுட்டோரை மூலைல திணிக்காதீங்க. உருகின தண்ணி ஓட கீழே இடம் விடுங்க. வருஷம் ரெண்டு தடவை காயில் கழுவுங்க, பைப்பைப் பீய்ச்சி அடிச்சா தகடு மடங்கிடும்.

தளி பக்கம்:
ரோஜா பண்ணை ஐயா, உங்க பதிலைப் படிச்சதும் அவுட்டோர் பின்னாடி கை விட்டுப் பார்த்தேன். எங்க களம் அதுக்கு நேர் பின்னாடி. மார்கழில ராகி அடிச்ச தூசி, உமி, விரல் கனத்துக்கு அப்பியிருக்கு. இன்னைக்கே கழுவறேன்.