12 பேரில் 4 பேர்

அல்சூர்வாசி:
"பெறுபவர் தவிர யாரும் படிக்க முடியாதபடி மின்னஞ்சலைப் பூட்டி அனுப்பாதவன் சோம்பேறி, அதற்கான பிஜிபி மென்பொருளைக் கற்க ஒரு மாலைப் பொழுது போதும்" என்று நேற்று எழுதிய ஜெயநகர் அறிஞரின் பார்வைக்கு: 1999இல் ஆய்வாளர்கள் ஆல்மா விட்டனும் டைகரும் பிஜிபி 5.0-ஐ 12 பேரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அவகாசம் 90 நிமிடம். சரியாகப் பூட்டிக் கையொப்பமிட்டு அனுப்பியவர்கள் 4 பேர். 3 பேர் ரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள். அத்தனை பேரும் சோம்பேறிகளா?

ஜெயநகர் சாவிக்காரர்:
12 பேர்! எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்கே அதைவிடக் கூட்டம் வரும். தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளில் 2020 முதல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. 1999ஐக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

அல்சூர்வாசி:
12 பேர்தான், ஐயா. அதில் 4 பேர்தான். உள்ளே இருந்து என்ன பயன்? என் ஆடிட்டருக்குப் பூட்டி அனுப்ப அவருடைய பொதுச்சாவி வேண்டும், அது யாருக்கும் கொடுக்கக்கூடியது. கேட்டேன். "ஆபீஸ் சாவியா சார்?" என்றார். அரை மணி நேரம் விளக்கினேன். வந்த கோப்பைத் திறந்தால் முதல் வரியிலேயே 'பிரைவேட் கீ பிளாக்' என்று இருக்கிறது! பூட்டைத் திறக்கும், பெற்ற பிள்ளைக்கும் காட்டக்கூடாத தனிச்சாவி. அலுவலகத்தில் எல்லோருக்கும் நகல் வேறு. கடைசியில் கணக்கு வாட்ஸப்பில் போனது. அது 2016 முதல் யாரிடமும் சாவி கேட்காமல் தானே பூட்டிக்கொள்கிறது.

மல்லேஸ்வரம் மாமி:
அதென்ன 'பூட்டுவது'? மறையாக்கம் என்று எழுதக் கூடாதா?

ஜெயநகர் சாவிக்காரர்:
குறியாக்கம், அம்மா. வாட்ஸப் ஒரு நிறுவனத்தின் பிடியில் இருக்கிறது, மின்னஞ்சல் அப்படியல்ல. ஆடிட்டரையும் சேர்த்தால் உங்கள் ஆய்வில் 13 பேர். வாழ்த்துகள்.

அல்சூர்வாசி:
13 பேரில் 4. கணக்கு உங்களுக்கு எதிராகத்தான் போகிறது. போன மாதம் எனக்குப் பூட்டி அனுப்பினீர்களே ஒரு கடிதம், அதன் தலைப்பு வரி மட்டும் ஊரறிய வந்தது: "மைத்துனன் கடன், யாருக்கும் சொல்லாதீர்கள்".

ஜெயநகர் சாவிக்காரர்:
மென்பொருளின் செட்டிங்ஸில் ஒரு கட்டத்தைத் தேர்வு செய்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன். மறதி வேறு, சோம்பல் வேறு.

மல்லேஸ்வரம் மாமி:
குறியாக்கம் என்றால் 'கோடிங்' என்றல்லவா ஆகிவிடும்?

அல்சூர்வாசி:
சாவிக்காரரையும் சேர்த்தால் 14 பேரில் 4.

ஜெயநகர் சாவிக்காரர்:
கப்பன் பூங்காச் சந்திப்பில் லினக்ஸ் இயங்குதளம் நிறுவித் தருகிறேன் என்று என் மடிக்கணினியை வாங்கி, மகளின் காதுகுத்துப் படங்களை அழித்தவர் நீங்கள். முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

அல்சூர்வாசி:
நகல் எடுத்தாயிற்றா என்று இரண்டு முறை கேட்டேன். ஆமாம் என்றீர்கள்.