கடைசிப் படுக்கைக்கு எத்தனை லிட்டர்? ஆக்சிஜன் தட்டுப்பாட்டில் பங்கீடு: அனுபவப் பகிர்வு

மயக்கவியல் மருத்துவர் (இழையைத் தொடங்குபவர்)

2021 மே மாதம், கோவிட் இரண்டாம் அலையில், சென்னையில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றது எல்லாருக்கும் நினைவிருக்கும். யாருக்கு முதலில் ஆக்சிஜன் என்று அன்றைக்கு டிவி விவாதம்வரை பேசினார்கள். யாரும் உட்கார்ந்து முடிவெடுக்காத வார்டுகளில் எது முடிவெடுத்தது என்று பேசியவர்கள் குறைவு. கையிருப்பு குறைந்த நிமிடமே பங்கீடு ஆரம்பித்துவிடுகிறது. நாம் பிரிக்காவிட்டால் பைப்லைன் பிரிக்கும், சிபாரிசு பிரிக்கும், கையில் நல்ல ஃபோன் இருப்பது பிரிக்கும்.

அப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் நடந்த பங்கீட்டை அவரவர் துறையிலிருந்து எழுதுங்கள். அளவோடு, முறையோடு, எது தப்பாகப் போகும் என்பதோடு. எந்த மருத்துவமனை, யார் டியூட்டி என்பதெல்லாம் வேண்டாம். அடுத்த முறை வார்டில் நிற்கப்போகிற பிள்ளைகளுக்கு உதவினால் போதும்.

ஸ்டாஃப் நர்ஸ், கோவிட் வார்டு

சார், லிட்டர் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். அது தெரியாமல் நியாயம் பேச முடியாது.

பெரிய சிலிண்டரின் (டி டைப்) கொள்ளளவு 46.7 லிட்டர். 150 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நிரப்பினால் சுமார் 7,000 லிட்டர் வாயு. சின்னதில் (பி டைப்) 1,500 லிட்டர். கேஜில் தெரியும் பாரை 46.7-ஆல் பெருக்கினால் பெரிய சிலிண்டரில் மீதி எவ்வளவு என்று வந்துவிடும். முள் 50-இல் நின்றால் 2,300 லிட்டர் சொச்சம். நிமிடத்துக்கு 10 லிட்டர் போகிறவருக்கு அது நாலு மணி நேரம்கூடத் தாங்காது. "இன்னும் கொஞ்சம் இருக்கு சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு டியூட்டி மாற்றிப் போவது ஆபத்து. பாரை எழுதி, மணியை எழுதி, எப்போது தீரும் என்று அந்தச் சிலிண்டர் மேலேயே பிளாஸ்டரில் ஒட்டிவிட வேண்டும்.

அடுத்தது, யாருக்கு எவ்வளவு போகிறது. நேசல் பிராங்கில் (மூக்கில் செருகும் சின்னக் குழாய்) நிமிடத்துக்கு 1 முதல் 6 லிட்டர், சாதா மாஸ்க்கில் 5 முதல் 10, பை வைத்த என்.ஆர்.எம். மாஸ்க்கில் 10 முதல் 15. மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் எச்.எஃப்.என்.சி. கருவியில் 60 லிட்டர் வரை போகும். 60 லிட்டரை நூறு சதவீத ஆக்சிஜனாக வைத்தால் பெரிய சிலிண்டர் ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் காலி. அதே 60 லிட்டரில், 5 லிட்டர் போதுமான பன்னிரண்டு பேர் மூச்சு விடலாம். இதைச் சொன்னால் எச்.எஃப்.என்.சி. நோயாளியைக் கைவிடச் சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது வேறு. அதே கருவியில் ஆக்சிஜன் அளவை 60 சதவீதத்துக்கு இறக்கினால் இழுப்பது 30 லிட்டர்தான், மீதி அறைக் காற்று. அவரால் அது முடியுமா என்று கால் மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். அந்தக் கால் மணி நேரம் யாருக்கும் கிடைக்கவில்லை என்பதால்தான் பல கருவிகள் நூறிலேயே ஓடின.

40 படுக்கை வார்டில் ஆளுக்கு 2 லிட்டர் குறைக்க முடிந்தால் நிமிடத்துக்கு 80 லிட்டர், ஒரு நாளைக்கு 1,15,200 லிட்டர். பதினாறு பெரிய சிலிண்டர். புதிதாக லாரி எதுவும் வராமலே.

குறைப்பது இப்படி. ஆக்சிமீட்டர் காட்டும் இரத்த ஆக்சிஜன் அளவுக்கு இலக்கு 92 முதல் 96 சதவீதம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு 88 முதல் 92. 96-க்கு மேல் நிற்கிறவருக்கு ஒரு லிட்டரோ இரண்டோ குறைத்து, கால் மணி நேரம் பார்த்து, 92-க்கு மேலேயே நின்றால் அங்கேயே விடுவது. என்.ஆர்.எம். மாஸ்க்கை மட்டும் 10-க்குக் கீழே இறக்கக் கூடாது. பை சுருங்கிப்போய், விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார்கள். அவ்வளவு தேவையில்லை என்றால் மாஸ்க்கையே மாற்ற வேண்டும்.

எங்கே கெடுகிறது? அட்டெண்டர் (நோயாளியோடு கூட இருக்கும் சொந்தக்காரர்) கையில் ஒரு ஆக்சிமீட்டர் இருக்கும். 93 என்று பார்த்ததும் பதறிப்போய்த் திருகை முழுசாகத் திறந்துவிடுவார். அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை, அவர் அப்பா அங்கே படுத்திருக்கிறார். "அம்மா, 92 வந்தாலே இவருக்குப் போதும், அதற்குக் கீழே போனால் உடனே கூப்பிடுங்க" என்று எண்ணைச் சொல்லிக் கொடுத்தால் திருகைத் தொட மாட்டார். சி.டி. எடுக்கப் போகும்போது, டாய்லெட் போகும்போது ஃப்ளோ மீட்டரை (எத்தனை லிட்டர் போகிறது என்று காட்டும் திருகுக் கருவி) மூடாமல் விடுவது அடுத்த ஓட்டை. காலிப் படுக்கையில் 10 லிட்டர் எட்டு மணி நேரம் ஓடினால் 4,800 லிட்டர். அது இன்னொருவருக்கு ஒரு முழு இரவு.

பயோமெடிக்கல் இன்ஜினியர்

சிஸ்டர் சொன்னது படுக்கைப் பக்கம். சுவருக்குப் பின்னால் நடப்பதை நான் எழுதுகிறேன்.

திரவ ஆக்சிஜன் ஒரு லிட்டர் சுமார் 860 லிட்டர் வாயுவாக விரியும். டேங்கில் திரவம் நிறைய இருந்தும் வார்டில் அழுத்தம் விழுகிறதே என்றால், அநேகமாக வேப்பரைசரைப் பாருங்கள். திரவத்தை வாயுவாக்கும் துடுப்பு வைத்த குழாய்கள் அவை. அவற்றின் திறனுக்கு மேல் இழுத்தால் வெளியே பனி கட்டிக்கொண்டே போகும். பனி ஏற ஏற வெப்பம் உள்ளே போகாது, வாயுவும் குறையும். இரண்டு வேப்பரைசர் இருந்தால் மாற்றி மாற்றி ஓட்டிப் பனி உருக நேரம் தர வேண்டும். ஒன்றுதான் என்றால் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பதுதான் வழி. இரண்டாம் அலையில் பல இடங்களில் ராத்திரி முழுக்க ஆள் போட்டு இதைச் செய்தார்கள்.

இப்போது நியாயத்துக்கு வருகிறேன். பைப்லைனில் இருக்க வேண்டிய அழுத்தம் சுமார் 4 பார். பழைய கட்டடங்களின் குழாய் அளவெல்லாம், ஒரே நேரத்தில் சில படுக்கைகள்தான் ஆக்சிஜன் இழுக்கும் என்ற கணக்கில் போட்டவை. எல்லாப் படுக்கையும் இழுத்தால் மெயின் லைனிலிருந்து தூரத்தில் இருக்கும் முனையில் முதலில் அழுத்தம் விழும். டேங்குக்குப் பக்கத்துப் படுக்கைக்கு ஒன்றும் தெரியாது. கடைசிப் படுக்கையில் ஃப்ளோ மீட்டர் குண்டு மெல்ல இறங்கும். வைத்தது 12, கிடைப்பது 8. அந்த நோயாளிக்குக் குறைத்துக் கொடுங்கள் என்று எந்த மருத்துவரும் எழுதவில்லை. அவர் வயது, நோய், பிழைக்கும் வாய்ப்பு எதையும் பார்க்காமல் குழாய் முடிவெடுத்துவிட்டது. எல்லாப் பங்கீட்டு முறைகளிலும் மோசமானது இதுதான் என்பேன். காரணம், இது நடந்தது என்றே ஏட்டில் இருக்காது.

செய்யக்கூடியவை: கடைசிப் படுக்கை அவுட்லெட்டில் ஒரு கேஜ் மாட்டி மணிக்கு ஒரு முறை எழுதுவது. அதிகம் இழுக்கும் எச்.எஃப்.என்.சி. கருவிகளை ஒரே கிளைக் குழாயில் குவிக்காமல், மெயின் லைனுக்குப் பக்கத்துப் படுக்கைகளில் பிரித்து வைப்பது. கடைசி நாலைந்து படுக்கைகளைச் சிலிண்டருக்கு மாற்றிவிடுவது. இதெல்லாம் முடியாவிட்டால், அழுத்தம் விழுந்தாலும் தாங்கக்கூடிய 2 லிட்டர், 3 லிட்டர் ஆட்களை அங்கே படுக்க வைப்பது. சிலிண்டர் ரெகுலேட்டர் இறுகவில்லை என்று யாராவது எண்ணெயோ கிரீஸோ தடவ வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். ஆக்சிஜனோடு சேர்ந்தால் தீ.

108 ஆம்புலன்ஸ் டெக்னீஷியன்

சின்னதாக ஒன்று. வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ் எந்த வார்டின் கணக்கிலும் வராது. உள்ளே அட்மிஷன் போட்ட நேரத்தை வைத்து வரிசை பார்த்தால், மூன்று மணி நேரம் வாசலில் காத்தவர் இப்போதுதான் வந்தவராக ஆகிவிடுவார். வாசலுக்கு வந்த மணிதான் வரிசைக்குக் கணக்காக இருக்க வேண்டும்.

பி டைப் சிலிண்டர் 10 லிட்டரில் இரண்டரை மணி நேரம்தான் வரும். அதனால் டிரையேஜ் சீட்டில் (யாரை முதலில் பார்ப்பது என்று வாசலில் பிரிக்கும் சீட்டு) ஆக்சிஜன் அளவு, மூச்சு எண்ணிக்கை, வந்த மணி மூன்றோடு நாலாவதாக வண்டியில் மீதி எத்தனை நிமிடம் என்று ஒரு கட்டம் வேண்டும். ஒரே அளவு முடியாமல் இருக்கும் இரண்டு பேரில், இருபது நிமிடத்தில் சிலிண்டர் தீரப்போகிறவர் முன்னால் போகலாம். அல்லது உள்ளேயிருந்து ஒரு சிலிண்டராவது வண்டிக்கு வரலாம்.

பயிற்சி மருத்துவர்

சிஸ்டர், 92 போதும் என்கிறீர்கள். ஆக்சிமீட்டர் எல்லாத் தோலிலும் ஒரே மாதிரி காட்டுமா?

நெஞ்சக நோய் மருத்துவர்

காட்டாது தம்பி. நல்ல இடத்தில் கேட்டீர்கள்.

விரலில் மாட்டும் கருவி ஒளியை வைத்து அளப்பது. தோல் கருமை கூடினால் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும் பக்கம் சாயும். அமெரிக்காவில் 2020 டிசம்பரில் வந்த ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது இரத்த வாயுப் பரிசோதனையில் அளவு 88-க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6 சதவீதம். இங்கே வாசலில் 94-க்குக் கீழே இருந்தால்தான் படுக்கை என்று கோடு போட்டோம். வெயிலில் வேலை செய்து கறுத்த விரலோடு வந்து 95 என்று காட்டியவரை வீட்டுக்கு அனுப்பினோம் என்றால், கருவியின் பிழை நம் பங்கீட்டின் பிழையாகிவிட்டது. கோடு எல்லாருக்கும் ஒன்றுதான், அளவுகோல்தான் ஒன்றாக இல்லை.

அதனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள், பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டாம். 24-க்கு மேல் என்றால் கருவி 95 காட்டினாலும் அவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நிமிடம் நடக்க வைத்து மூன்று நாலு புள்ளி இறங்குகிறதா பாருங்கள் (ஏற்கெனவே இளைக்கிறவரை நடக்க வைக்கக் கூடாது). மருதாணி, நகப்பூச்சு, சில்லிட்ட விரல் மூன்றும் அளவைக் கெடுக்கும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை பொறுத்து எழுதுங்கள். இரத்த வாயுப் பரிசோதனை இல்லாத இடத்தில், கருத்த தோல் உள்ளவருக்குக் கீழ் எல்லையை 92-க்குப் பதில் 94 என்று நான் வைப்பேன். கொஞ்சம் கூடுதல் ஆக்சிஜன் செலவாகும். ஆகட்டும்.

மருந்தாளுநர்

மருந்துப் பக்கமும் இதே கதை. ரெம்டெசிவிர் முதல் நாள் 200 மி.கி., பிறகு நாலு நாள் 100 மி.கி. வீதம். ஆளுக்கு ஆறு குப்பி. அதற்காகக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியிலும், பிறகு நேரு ஸ்டேடியத்திலும் சொந்தக்காரர்கள் விடிய விடிய வரிசையில் நின்றார்கள். நிற்க ஆள் இருக்கிற குடும்பத்துக்குக் கிடைத்தது. வீடே தொற்றில் படுத்திருந்தால் யார் வந்து நிற்பது? 2021 மே நடுவில் நேரடி விற்பனையை நிறுத்தி மருத்துவமனைகள் வழியாகவே கொடுப்பது என்று அரசு மாற்றியது. சரியான முடிவு. நோயாளியின் நிலையைப் பார்த்துக் கொடுக்க அப்போதுதான் முடியும்.

ஆனால் அந்த மருந்து உயிரிழப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே அதைப் பரிந்துரைக்காமல் விட்டிருந்தது. உயிரைக் காப்பது நிரூபணமான டெக்ஸாமெதசோன், தினம் 6 மி.கி., பத்து நாள், சில ரூபாய் மாத்திரை. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருந்தவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. அதற்குத் தட்டுப்பாடே இல்லை. எதைப் பங்கிடுவது என்று பார்க்கும் முன், அது பங்கிடத் தகுந்ததுதானா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் இதே மருந்துக்கு 2020-இல் குலுக்கல் வைத்தார்கள். வறுமையான பகுதிகளில் இருந்து வருகிறவர்களுக்கு வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டி வைத்த குலுக்கல். ராத்திரி வரிசையைவிட அது எவ்வளவோ மேல்.

மயக்கவியல் மருத்துவர்

எல்லாருக்கும் நன்றி. வென்டிலேட்டர் பற்றி நான் சொல்லியாக வேண்டும்.

பல நாடுகளில் சோஃபா (உறுப்புகள் எவ்வளவு செயலிழந்திருக்கின்றன என்று அளப்பது) மதிப்பெண் வைத்துப் பிரிக்க விதி எழுதினார்கள். ஆறு உறுப்பு மண்டலம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 24. மதிப்பெண் குறைந்தவர் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்று முன்னால் போவார். பார்க்க நேர்மையாக இருக்கும். ஆனால் கிரியேட்டினின் (சிறுநீரகம் கெட்டால் இரத்தத்தில் ஏறும் கழிவு) 5-க்கு மேல் என்றால் 4 மதிப்பெண். வருடக்கணக்காக டயாலிசிஸில் நன்றாக இருப்பவர் வாசலிலேயே 4 மதிப்பெண் பின்தங்கி நிற்கிறார், இந்தத் தொற்றோடு அதற்குச் சம்பந்தமே இல்லாமல். இங்கிலாந்தில் 2020 மார்ச்சில் தளர்ச்சி அளவுகோலை எல்லாருக்கும் பொதுவாகப் போட்டார்கள். அன்றாட வேலைக்குப் பிறர் உதவி தேவைப்படும் கற்றல் குறைபாடு உள்ள இளைஞர்களும் அதில் தளர்ந்த முதியவர் போல விழுந்தார்கள். எதிர்ப்பு வந்து ஐந்தே நாளில் திருத்தினார்கள். ஆகவே எந்த மதிப்பெண்ணையும் வாங்கியதும், இது யாரைக் காரணமில்லாமல் பின்னால் தள்ளும் என்று ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

போட்ட வென்டிலேட்டரை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது தனி விஷயம். நியூயார்க்கின் 2015 வழிகாட்டுதலில் 48 மணி நேரத்திலும் 120 மணி நேரத்திலும் மறுபரிசீலனை உண்டு. இங்கே 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, தேறவே மாட்டார் என்ற நிலையில் அந்த நோயாளியின் நலனுக்காகச் சிகிச்சையை நிறுத்துவதற்கானது. 2021-இல் அதற்கே மாவட்ட ஆட்சியர் அமைக்கும் இரண்டாவது குழு, பிறகு மாஜிஸ்திரேட் நேரில் வருவது என்று படிகள் இருந்தன. 2023-இல் எளிமையாக்கினார்கள். பற்றாக்குறைக்காக ஒருவரிடமிருந்து எடுப்பதை அது சொல்லவே இல்லை. எனவே நம் ஊரில் பங்கீடு முழுவதும் வாசலிலேயே முடிந்துவிடுகிறது. வாசலில் நிற்பவர் மேல் விழும் பாரம் அது. பக்கத்தில் நோயாளியைப் பார்க்கும் மருத்துவரையே அந்த முடிவையும் எடுக்க வைக்காதீர்கள். தன் நோயாளிக்காக வாதாட ஒருவர், பிரிக்க வேறொருவர், இருவரும் எழுதி வைக்க ஒரு தாள்.

ஸ்டாஃப் நர்ஸ், கோவிட் வார்டு

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால், சார்: வாசலுக்கு வந்த மணி, மூச்சு எண்ணிக்கை, கருவி காட்டிய அளவு, எந்த விரல், படுக்கை கொடுத்தோமா இல்லையா, இல்லை என்றால் ஏன், அடுத்து எத்தனை மணிக்குத் திரும்பப் பார்ப்போம். கடைசிக் கட்டத்தைக் காலியாக விடவே கூடாது. "இப்போ இடமில்லை, ஆறு மணிக்கு மறுபடி பாப்போம், அதுவரை இந்த நாலு லிட்டர் போகும், குப்புறப் படுக்க வையுங்க" என்று மணியோடு சொன்னால் அட்டெண்டர் காத்திருப்பார். ஆறு மணிக்கு நாம் கட்டாயம் போய் நிற்க வேண்டும்.