வீகன் பிரச்சாரத்தை மாட்டுக்கறிக் கடை வாசலில் செய்யலாமா?

வேளச்சேரி வாசி:
வணக்கம். நாங்கள் ஏழெட்டுப் பேர் சென்னையில் சின்னதாக ஒரு வீகன் குழு (இறைச்சி, முட்டை, பால், தோல் என விலங்கிலிருந்து வரும் எதையும் பயன்படுத்தாதவர்கள்) நடத்துகிறோம். பெசன்ட் நகர் கடற்கரையில் பண்ணை வீடியோக்களைக் காட்டி, நின்று பார்ப்பவர்களிடம் பேசுவோம். புதிதாகச் சேர்ந்த ஒருவர், அடுத்த முறை வடசென்னையில் பீஃப் பிரியாணிக் கடைகள் உள்ள தெருவுக்குப் போகலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. 2016-இல் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்த நாடு இது. அந்தத் தெருவில் போய் நின்றால் எங்களை யாருடைய ஆட்கள் என்று நினைப்பார்கள்? விலங்குகளுக்காகப் பேசுவதையும் விட முடியாது. சாதிக்கு எதிராக நின்றுகொண்டே இதை எப்படிச் செய்வது?

பாலாற்றங்கரை:
அங்கே போகாதீர்கள் தோழர். நான் ஆம்பூர். அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ரசாயனத் தண்ணீரில் நின்று நின்று பாதமெல்லாம் வெடித்திருக்கும். நான் இப்போது பால்கூடத் தொடுவதில்லை. அம்மா இன்னும் மாட்டுக்கறி சமைக்கிறார், ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம்.

2022 மே மாதம் எங்கள் ஊரில் பிரியாணித் திருவிழா அறிவித்து, மாட்டுக்கறிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்த்தவர்களில் நானும் உண்டு. "வீகன் உனக்கென்ன?" என்று கேட்டார்கள். கோழிக்கும் ஆட்டுக்கும் அங்கே இடம் இருந்ததே! மாட்டின் மேல் இரக்கப்பட்டா ஒதுக்கினார்கள்? தீட்டுதான் காரணம். கடைசியில் விழாவே தள்ளிப்போனது.

பாலிலிருந்து தொடங்குங்கள். பால் சுரக்க வேண்டுமானால் பசு திரும்பத் திரும்பச் சினையாக வேண்டும். டிராக்டர் வந்தபின் காளைக்கன்றுக்கு உழவில் வேலை இல்லை. பால் வற்றிய மாட்டை வைத்துத் தீனி போட ஏழை விவசாயிக்கு வழியும் இல்லை. சந்தைக்கு ஓட்டுகிறார், பொள்ளாச்சியிலிருந்து கேரளாவுக்கு லாரி ஏறுகிறது. நெய்யும் தயிரும் தினமும் சாப்பிடுகிற வீட்டுக்கு இதில் பங்கில்லையா? அதனால் மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் போய்ப் பேசுங்கள்.

அப்புறம் தோல். 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாலாற்றை நாசமாக்கியவர்களே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. வீகன் நோட்டீஸ் எதிலும் நான் இவற்றைப் பார்த்ததில்லை. "தோல் செருப்பு வாங்காதீர்கள்" என்று மட்டும் எழுதினால், ஷூ தைக்கும் எங்கள் பெண்களின் வேலைதான் முதலில் போகும். தோலில்லாத காலணி ஆலைகள் செய்யாறு, பெரம்பலூர் பக்கம் வருகின்றன. அந்த வேலை ஆம்பூருக்கும் வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள்.

சத்துணவுக் கூடம்:
ஒன்று கேட்டுக்கொள்கிறேன், சத்துணவு முட்டையில் கை வைக்காதீர்கள். 1989-இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, 2010-இல் வாரம் ஐந்து ஆனது. திங்கட்கிழமை எங்கள் பிள்ளைகள் எவ்வளவு பசியோடு வருகிறார்கள் என்று பரிமாறுகிற எனக்குத் தெரியும். 2021-இல் கர்நாடகத்தில் மடாதிபதிகள் பள்ளி முட்டையை எதிர்த்தார்கள். அவர்கள் குரலும் உங்கள் குரலும் ஒன்றாகக் கேட்டுவிடக் கூடாது. சுண்டலையும் கடலை உருண்டையையும் கூட்டிக் கொடுக்கச் சொல்லி அரசிடம் கேளுங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன்.

பாலாற்றங்கரை:
சரியாகச் சொன்னீர்கள் அக்கா. பண்ணைக் கோழிகள் கூண்டில் படும் பாட்டைப் பேசத்தான் வேண்டும். அதைப் பெரியவர்கள் ஆம்லெட் சாப்பிடுகிற இடத்தில் பேசுவோம்.

வேளச்சேரி வாசி:
இருவருக்கும் நன்றி. பால், தோல் இரண்டுக்கும் தனித்தனி நோட்டீஸ் எழுதுகிறேன். தோல் பற்றியதை அச்சடிப்பதற்கு முன் ஆம்பூர்த் தொழிலாளர்கள் சிலரிடம் படித்துக் காட்ட வேண்டும். எப்போது வரலாம்?

பாலாற்றங்கரை:
ஞாயிறு மத்தியானம் வாருங்கள், மற்ற நாளில் யாரையும் பிடிக்க முடியாது. கையால் எழுதிய பிரதியே போதும், திருத்தம் நிறைய இருக்கும்.