பிக் மேக் பிறந்த பக்கம் போனவர்கள், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயில் நன்றாகத் தெரியும். அங்கிருந்து கொஞ்ச தூரம் காரில் போனால் நார்த் ஹண்டிங்டன். அங்கே ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையையே 2007இல் அவர்களுடைய இரண்டடுக்கு பர்கரான பிக் மேக்கின் அருங்காட்சியகமாகவும் ஆக்கியிருக்கிறார்கள். உள்ளே 14 அடி உயர பிக் மேக் சிலை. பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துத் தீரவில்லை.

என் மனதில் நின்றது அந்த பர்கரைக் கண்டுபிடித்த ஜிம் டெலிகாட்டியின் கதைதான். அவர் தலைமையக அதிகாரி இல்லை, அந்த வட்டாரத்தில் ஃபிரான்சைஸ் எடுத்து, அதாவது கம்பெனி பெயரைப் பயன்படுத்தும் உரிமை வாங்கி, கடை நடத்தியவர். பெரிய பர்கர் ஒன்று வேண்டும் என்று கேட்டுக் கேட்டுத்தான் அனுமதி வாங்கினார். அதுவும் யூனியன்டவுன் கடையில் மட்டும், வழக்கமான பன்னிலேயே செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. இரண்டு துண்டு மாட்டுக்கறியை அந்தச் சின்ன பன் தாங்குமா? சாஸ் வழிந்து, எல்லாம் சரிந்துவிட்டது. பிறகு எள் தூவிய பெரிய பன்னை வரவழைத்து, மூன்றாக வெட்டி, நடுத்துண்டை இரண்டு கறிக்கும் இடையில் வைத்தார். 1967இல் விலை 45 சென்ட். அடுத்த வருஷமே அமெரிக்கா முழுக்க வந்துவிட்டது. இரண்டடுக்கு பர்கர் பிக் பாய் என்ற வேறொரு கம்பெனியின் கடைகளில் முன்பே இருந்ததுதான், அதை அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். 2016இல், 98 வயதில் காலமானார். இதைக் கண்டுபிடித்ததற்காக அவருக்கு ராயல்டி எதுவும் கிடைக்கவில்லை என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

—

பெயர் வைத்தவரையும் சொல்லுங்கள்! அரிஸ்டோகிராட், புளூ ரிப்பன் பர்கர் என்றெல்லாம் வைத்துப் பார்த்தார்கள், எதுவும் எடுபடவில்லை. பிக் மேக் என்ற பெயரைச் சொன்னவர் எஸ்தர் கிளிக்ஸ்டீன் ரோஸ். தலைமையகத்தின் விளம்பரப் பிரிவில் செக்ரட்டரி, வயது 21. வெகுகாலம் கழித்துத்தான் அவரைக் கௌரவித்தார்கள்.

நான் விளம்பரத் துறையில் இருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு 1970களின் நடுவில் வந்த பிக் மேக் பாட்டைக் கட்டாயம் போட்டுக் காட்டுவேன். கீத் ரெய்ன்ஹார்டின் ஏஜென்சி செய்தது. கறி, சாஸ், லெட்யூஸ், சீஸ், வினிகரில் ஊறிய வெள்ளரி, வெங்காயம், எள் பன் என்று உள்ளே இருப்பதை மூச்சுவிடாமல் அடுக்குவார்கள், அவ்வளவுதான். "சுவையோ சுவை" என்று ஒரு வார்த்தை கிடையாது. போட்டுக் காட்டிய கொஞ்ச நேரத்தில் பசங்க அதை முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

—

1996இல் டெல்லி வசந்த் விஹாரில் இந்தியாவின் முதல் மெக்டொனால்ட்ஸ் திறந்தபோது நான் டெல்லியில்தான் வேலை பார்த்தேன். மாட்டுக்கறி கிடையாது, அதனால் பிக் மேக்கும் கிடையாது. அதற்குப் பதில் மகாராஜா மேக், ஆட்டுக்கறியில். நடுவில் அதே பன் துண்டு. கறி சாப்பிடாத நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து வெஜ் பர்கர் சாப்பிட்டான். வெஜ் சமையலுக்குத் தனி இடம், தனிப் பாத்திரம் என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் உள்ளேயே வந்தான்.

அப்புறம் மகாராஜா மேக் கோழிக்கு மாறியது. தி எகானமிஸ்ட் பத்திரிகை 1986 முதல் நாடுகளின் நாணய மதிப்பைப் பிக் மேக் விலையை வைத்து ஒப்பிட்டு வருகிறது இல்லையா? அதில் இந்தியாவுக்கு எடுத்துக்கொள்வது இந்த மகாராஜா மேக் விலையைத்தான்.