வயல்ல எடுத்த டி-லாக் எம் ஃபூட்டேஜ்ல ஏன் இவ்ளோ நாய்ஸ்?

பினாங்குபையன்:
வணக்கம் மக்களே, போன வாரம் பாலிக் பூலாவ் வயல்ல கசின் கல்யாணத்துக்கு ப்ரீ-வெட்டிங் ஷூட், மினி 4 ப்ரோ ட்ரோன், டி-லாக் எம் (எடிட்ல கலர் ஏத்திக்கிற மாதிரி வெளுப்பா பதியற மோடு). மாப்பிள்ளை வெள்ளை வேட்டி, மேல ஒரே வெள்ளை மேகம், வெளிச்சம் ஏறி பர்ன் ஆயிருமோன்னு பயந்து மீட்டர் -1ல, அதாவது ஒரு ஸ்டாப் இருட்டா வச்சி எடுத்தேன், ஸ்கிரீன்ல நல்லாதான் தெரிஞ்சிச்சி. வீட்ல லட் (லாக்க நார்மல் கலருக்கு மாத்துற ஃபைல்) போட்டதும் வேட்டி ஓக்கே, ஆனா பொண்ணோட அரக்கு சேலை மடிப்பெல்லாம் கறுப்பு, ஷேடோவ தூக்குனா வயல் பூரா எறும்பு ஊர்ற மாதிரி நாய்ஸ். 10 பிட்டுதானே, கலர் விவரம் நெறையா பதியுமே, ஏன் இப்பிடி?

செந்தூல்காரன்:
அந்த -1தான் வினை லா. லாக்ல நெழல் தூக்குன மாதிரி சாம்பலா தெரியும், அத பாத்து வெளிச்சம் போதும்னு நெனச்சிட்டீங்க, லட் போட்டதும் காண்ட்ராஸ்ட் ஏறி இருட்டு இருட்டாவே போயிரும். சென்சார் 1/1.3 இன்ச்சுதான், நெழல்ல வெளிச்சம் பத்தலன்னா நாய்ஸையும் சேத்துதான் 10 பிட்ல பதியும். நான் +0.7லேர்ந்து +1 வரைக்கும் வச்சி எடிட்ல எறக்கிக்குவேன். லட்டுக்கு முன்னாடி எறக்கணும், பின்னாடி எறக்குனா மேகம் திரும்பி வராது.

ட்ரோன்அக்கா:
தம்பி, கண்ண மூடிட்டு +1 வைக்காதீங்க. மேகமூட்டத்துக்கு அது சரி, மத்தியான வெயில்ல வேட்டி போயிரும். ஸீப்ரா (பர்ன் ஆவுற எடத்துல வரி காட்டுறது) ஆன் பண்ணி, வேட்டி மேல வரி விழற வரைக்கும் ஏத்துங்க, அப்பறம் வரி மறையற அளவுக்கு மட்டும் எறக்குங்க, மீட்டர் என்ன காட்டுனா என்ன. தண்ணியில மின்னுறது பர்ன் ஆனா ஆவட்டும். ஐஎஸ்ஓ 100, எல்லாம் மேனுவல், ஆட்டோல விட்டா ஒரு மேகம் நகந்தாலே ஷாட் நடுவுல வெளிச்சம் ஏறி எறங்கும். என்டி ஃபில்டர் (வெளிச்சத்த கொறைக்கிற கண்ணாடி) எது போட்டீங்க? லென்ஸ் எஃப் 1.7, உச்சி வெயில்ல 64 போட்டாலும் ஷட்டர் 1/140 கிட்டதான் நிக்கும், அசைவு இயல்பா தெரிய 25 ஃப்ரேமுக்கு 1/50தான் வேணும்னா 128க்கும் மேல போவணும். உயரத்துலேர்ந்து எடுக்குற வயலுக்கு ஷட்டர் வேகமா இருந்தாலும் யாருக்கும் தெரியாது, விடுங்க.

பினாங்குபையன்:
32தான் கா. இன்னிக்கி கொடியில அப்பா வேட்டிய காயப்போட்டு ஸீப்ரா பாத்தேன், வரி மறைஞ்சப்ப மீட்டர் +0.3. சரிகைக் கரை இழை இழையா தெரியுது, பக்கத்துல நெழல்ல நின்ன மோட்டார் டயர் கூட சுத்தம். சரி, பழைய ஃபூட்டேஜ என்ன பண்றது, கசின் சனிக்கெழம கேக்குறா?

செந்தூல்காரன்:
ஷேடோவ தூக்காதீங்க. சேலை கறுப்பாவே இருக்கட்டும், கொஞ்சம் ஆரஞ்சு ஏத்தி சாயங்காலம் மாதிரி கிரேட் பண்ணிருங்க, மத்தியானம் புழுக்கத்துல வெந்தது மாப்பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும்.